கால் ஒட்டும் தரை: வாசகர் கேள்வி பதில்

புரட்டாசி விரதத்துக்கு முன் வீடு கழுவும் வேலை தொடங்கிவிட்டது என்பது இம்முறை வந்திருக்கும் கேள்விகளிலேயே தெரிகிறது. பாதிக்கு மேல் தரையைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

தினமும் மாப் போடுகிறேன். வாளிக்கு இரண்டு மூடி பைன் வாசனை கிளீனர், கொஞ்சம் சன்லைட் பாத்திரம் கழுவும் லிக்விட், ஒரு பிடி வாஷிங் பவுடர். காய்ந்ததும் டைல்ஸ் மங்கிவிடுகிறது, வெறுங்காலில் நடந்தால் ஒட்டுகிறது. பிள்ளைகளின் வெள்ளை சாக்ஸ் கறுத்துப்போகிறது. இதைவிட வலுவான கிளீனர் எது? – வாசகி, சாட்ஸ்வர்த்

காலில் ஒட்டுவது நீங்கள் ஊற்றிய கிளீனர்தான், அம்மா. வலுவானது வாங்கினால் இன்னும் ஒட்டும்.

பாத்திரம் கழுவும்போது கடைசியில் குழாயடியில் அலசுகிறோம். தரையை யாரும் அலசுவதில்லை. தண்ணீர் ஆவியாகிப் போகும், அதில் கரைந்திருந்த சோப்பு போகாது. மெல்லிய படலமாகத் தங்கி, காலில் வரும் தூசியையும் சமையலறை எண்ணெய்ப் புகையையும் பிடித்துக்கொள்ளும். மறுநாள் அதன் மேல் இன்னொரு பூச்சு. டர்பன் குழாய்த் தண்ணீர் அப்படியொன்றும் உப்புத் தண்ணீர் அல்ல. சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீர்தான். அதனால் பழியைத் தண்ணீர் மேல் போட வழியில்லை.

முதலில் சோதித்துப் பாருங்கள். வெள்ளைத் துணி ஒன்றை வெறும் சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு டைலை மட்டும் அழுத்தித் தேயுங்கள். நுரை தட்டினால் சோப்புப் படலம். நுரை இல்லாமல், நகத்தால் சுரண்டும்போது சாம்பல் நிறத்தில் மெழுகு போல வந்தால் பழைய பாலிஷ். அதற்கு வழி வேறு, கீழே வெருலம் வாசகருக்குச் சொல்லியிருக்கிறோம்.

சோப்புப் படலம் என்றால் மருந்து வெறும் தண்ணீர். கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் கலக்காதீர்கள். பெருக்கிவிட்டு, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவு இடத்தை நனைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துத் துடையுங்கள். மாப்பைத் திரும்ப முக்கும்போது வாளியில் நுரை வரும். நுரை கூடினாலோ தண்ணீர் சாம்பலானாலோ கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். சோம்பல்பட்டால் எடுத்த சோப்பையே மறுபடி பூசிக்கொண்டிருப்பீர்கள். பல மாதப் படலம் என்றால் ஒரு சாதாரண அறைக்கே நாலைந்து வாளி ஆகும். ஒரே நாளில் முழு வீட்டையும் தொடாதீர்கள்; இடுப்பு தாங்காது.

மாப்பையும் கவனியுங்கள். நூல் மாப் மாதக்கணக்கில் கிளீனரைக் குடித்து வைத்திருக்கும். வெந்நீரில் ஊறப்போட்டு நுரை நிற்கும்வரை அலசுங்கள், அல்லது மைக்ரோஃபைபர் துணி போட்ட தட்டை மாப்புக்கு மாறிவிடுங்கள். அந்தத் துணியைத் துவைக்கும்போது ஸ்டா-சாஃப்ட் போன்ற, துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் சேர்க்கக் கூடாது. இழைகளின் மேல் வழவழப்பாகப் படிந்து, துணி தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகும். "புது மாப், ஆனாலும் கோடு விழுகிறது" என்று எழுதியிருக்கும் மற்ற இரண்டு வாசகர்களும் முதலில் இதைப் பாருங்கள்.

இனிமேல் 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி சன்லைட் லிக்விட் போதும். அல்லது பைன் கிளீனர், அதன் லேபிளில் போட்டிருக்கும் அளவில். இரண்டையும் சேர்க்க வேண்டாம். வாஷிங் பவுடர் தரைக்கே வேண்டாம். கரையாத துகள் இடுக்கில் வெள்ளையாக நிற்கும். பக்கத்தில் வெறும் தண்ணீர் வாளி ஒன்று இருக்கட்டும்: அழுக்கு மாப்பை முதலில் அதில் அலசிப் பிழிந்து, பிறகு சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். சொட்டாத அளவுக்குப் பிழிவது முக்கியம். வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரால் மட்டும் துடைத்தால் படலம் சேராது. வீடு பைன் மணக்காது என்பது உண்மைதான். அந்த வாசனைக்குச் சுத்தத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

கரும்பு வெட்டு நாட்களில் கருகல் பறந்துவந்து வீடெல்லாம் விழுகிறது. வினைல் தரையைத் துடைத்தால் சாம்பல் கோடுகள், எத்தனை முறை துடைத்தாலும். – வாசகி, டொங்காட்

டர்பனுக்கு வடக்கே கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரும்புத் தோட்டம் கொளுத்தினால் துணிக்கொடியும் தப்பாது. அந்தக் கருகல் பொடிக்கரி. ஈரம் பட்ட உடனே மைபோல் பரவி, வினைலின் மர வரிப் பள்ளங்களில் இறங்கிவிடும். அதனால் முதலில் ஈரம் கூடாது. மிதிக்கவும் கூடாது, செருப்போடு நடந்தால் நசுங்கித் தேய்ந்துவிடும்.

வாக்குவம் இருந்தால் சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு மென்மையான முனையால் உறிஞ்சுங்கள். இல்லையென்றால் காய்ந்த மைக்ரோஃபைபர் மாப்பை ஒரே திசையில் மெதுவாகத் தள்ளிச் சேர்த்து அள்ளுங்கள். விளக்குமாற்றை வீசிப் பெருக்கினால் எழும்பி மறுபடி விழும். கரி போன பிறகு, மேலே சொன்ன அளவில் சோப்புத் தண்ணீர், நன்றாகப் பிழிந்த துணி. அறையின் உள் மூலையில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள், நடுவில் துணியின் பக்கத்தை மாற்றுங்கள். ஒரே பக்கத்தால் முழு அறையையும் இழுத்தால்தான் அந்தக் கோடு. பள்ளத்தில் நின்றுவிட்டதைப் பழைய மென்மையான டூத்பிரஷ்ஷால் எடுக்கலாம்.

ஹேண்டி ஆண்டி கிளீனிங் க்ரீமை இதற்கு எடுக்காதீர்கள். அதிலுள்ள நுண் தூள் அடுப்புக்கும் சிங்குக்கும் நல்லது; வினைலின் பளபளப்பைத் தேய்ப்பதோடு, சரியாக அலசாவிட்டால் பள்ளத்தில் வெள்ளையாகக் காயும்.

வினிகரும் ஜிக் ப்ளீச்சும் கலந்து துடைத்தால் டைல்ஸ் கண்ணாடி மாதிரி ஆகுமாமே? – வாசகர், மியர்பேங்க்

கலக்கவே கூடாது. ஜிக்கில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் நுரையீரலைச் சுடும். ஜிக்கோடு அமோனியாவும் கூடாது, அதுவும் நச்சு வாயுதான்.

வினிகரைத் தனியாக, 5 லிட்டருக்கு அரை கப், எப்போதாவது கிளேஸ் போட்ட செராமிக் டைல்ஸில் துடைக்கலாம், உடனே தண்ணீரால் அலசிவிட வேண்டும். வாரா வாரம் செய்தால் இடுக்கிலுள்ள சிமென்ட் அரிக்கும். மார்பிளில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது.

மழை நாளில் துடைக்காமலே தரை ஈரமாகிறது. கடலுக்குப் பக்கத்து வீடு. – வாசகி, பிளஃப்

வெளியிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த டைல்ஸில் பட்டு நீராகிறது. அந்த நேரத்தில் மாப் போட்டால் காயவே காயாது. சன்னலைச் சாத்தி மின்விசிறியைப் போடுங்கள், ஏசி இருந்தால் ஈரம் உறிஞ்சும் நிலையில் வையுங்கள், காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கடற்காற்றில் வரும் உப்பும் தரையில் படிந்து ஈரத்தை இழுக்கும். நல்ல வெயில் நாளில் வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்தால் உப்பு போய்விடும்.

பூஜை இடத்து டைல்ஸில் நல்லெண்ணெய் வழிந்து பிசினாகிவிட்டது. பக்கத்து வினைலில் மஞ்சள் கறை. விரதத்துக்கு முன் எடுக்க வேண்டும். – வாசகி, பீட்டர்மரிட்ஸ்பர்க்

அன்றைக்குச் சிந்திய எண்ணெய் என்றால் மெய்சீனா சோள மாவைத் தாராளமாகத் தூவி அரை மணி நேரம் விட்டு அள்ளினாலே பெரும்பகுதி வந்துவிடும். நல்லெண்ணெய் நாள்பட்டால் காற்றில் கெட்டியாகி வார்னிஷ் போல ஒட்டும். அது சோப்புத் தண்ணீருக்கு மசியாது. சமையல் சோடாவில் சில சொட்டுத் தண்ணீரும் சில சொட்டு சன்லைட்டும் விட்டுக் குழைத்து, கறைமேல் கனமாகப் பூசி இருபது நிமிடம் விடுங்கள். பிளாஸ்டிக் கரண்டி முனையால் வழித்து, வெந்நீர்த் துணியால் துடையுங்கள். டைல் இடுக்கில் இறங்கியிருந்தால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். இடுக்கு எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும்.

குங்குமம் கொட்டினால் முதலில் வாக்குவம். ஈரத்துணி பட்டால் ஒரு சிட்டிகை ஒரு முழமாகும்.

மஞ்சளுக்குச் சோப்பும் சோடாவும் போட்டால் சிவந்துபோகும் என்பது தெரிந்ததுதானே. அது ஆல்கஹாலில் கரையும். மருந்துக் கடையில் கிடைக்கும் நிறமற்ற சர்ஜிகல் ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்ப வேண்டாம். முன்னதாக ஓர் ஓரத்தில் சோதியுங்கள். மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஊதா நிறம், அதைத் தவிர்ப்பது நல்லது. விளக்கு அணைந்து, தரையும் ஆறி, சன்னல் திறந்திருக்கும்போது மட்டும் இந்த வேலை. மிச்சமிருக்கும் மஞ்சள் சாயலை வெயில் எடுத்துவிடும். வெளிச்சம் படும் இடமென்றால் சில நாள் அப்படியே விடுங்கள். தின்னரும் அசிட்டோனும் வினைலையே கரைத்துவிடும், தொடாதீர்கள்.

புது வீட்டில் டைல்ஸ் போட்டார்கள். மேலே வெள்ளைப் புகை மூட்டம் போல இருக்கிறது. ஸ்பிரிட்ஸ் ஆஃப் சால்ட்ஸ் ஊற்றச் சொல்கிறார் மேஸ்திரி. – வாசகர், ஐசிபிங்கோ

டைல் இடுக்குகளில் சிமென்ட் (கிரவுட்) பூசியபோது சரியாகத் துடைக்காமல் விட்ட சிமென்ட் படலம் அது. எவ்வளவு மாப் போட்டாலும் காய்ந்ததும் திரும்பத் தெரியும். மேஸ்திரி சொன்னது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வேலை செய்யும், ஆனால் அதன் புகைக்கே குழாயும் சிங்கும் துருப்பிடிக்கும், கலர் இடுக்கு வெளுத்துப்போகும். டைல் கடையில் சல்ஃபாமிக் அமிலத் தூள் கேளுங்கள். புகை வராது, அளவும் பாக்கெட்டிலேயே இருக்கும்.

இடுக்கு பூசிப் பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். முதலில் தரை முழுதும் வெறும் தண்ணீரால் நனையுங்கள். இந்த ஒரு படியைத் தாண்டுவதால்தான் பல வீடுகளில் இடுக்கு அரிந்துபோகிறது: காய்ந்த இடுக்கு அமிலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நனைந்தது இழுக்காது. எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தைப் போட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். ஒரு சதுர மீட்டர் அளவில் பூசி, இரண்டு மூன்று நிமிடத்தில் வெள்ளை நைலான் பேடால் தேய்த்து, காயவிடாமல் எடுத்துவிடுங்கள். கடைசியில் 5 லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரால் ஒருமுறை, பிறகு நல்ல தண்ணீரால் இருமுறை. மார்பிள், டிராவர்டின் போன்ற கல் என்றால் எந்த அமிலமும் கூடாது. சிமென்டுக்குப் பதில் எபாக்ஸி பிசின் பூசிய இடுக்கு என்றால் அமிலத்துக்கு அசையாது. அதற்கென்று விற்கும் எபாக்ஸி கிளீனர்தான் வழி.

வினைல் தரையில் பல வருடமாக ஃப்ளோர் பாலிஷ் போட்டுவந்தோம். இப்போது மஞ்சளாகி, ஓரங்களில் உரிகிறது. – வாசகர், வெருலம்

பாலிஷைப் பாலிஷால் மறைக்க முடியாது, எடுத்தே ஆக வேண்டும். சன்னல் கதவெல்லாம் திறந்துவிட்டு, 2 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு கப் அமோனியா, ஒரு மேசைக்கரண்டி சன்லைட் கலக்குங்கள். வெந்நீர் வேண்டாம், நெடி தூக்கிவிடும். அலமாரிக்கு அடியில் சிறு இடத்தில் சோதித்த பிறகு, ஒரு சதுர மீட்டர் மட்டும் நனைத்து ஐந்திலிருந்து பத்து நிமிடம் விடுங்கள். பாலிஷ் வெளுத்துக் குழைந்து வரும். நைலான் பேடால் தேய்த்து உடனே துணியால் வாரி எடுங்கள். காயவிட்டால் கரைந்தது மறுபடி அங்கேயே ஒட்டும். இரண்டு முறை அலசிய பிறகு அடுத்த இடம். பசை போட்டு ஒட்டாத, ஒன்றோடொன்று கொக்கி மாட்டும் பலகை வினைல் என்றால் தண்ணீர் தேங்கவே கூடாது. நனைந்த துணியால் மட்டும்.

இப்போது கடையில் வரும் வினைல் பெரும்பாலும் பாலியூரிதேன் பூச்சோடுதான் வருகிறது. அதன் மேல் பாலிஷ் சரியாகப் பிடிக்காது, அதனால்தான் உரிகிறது. எடுத்த பிறகு திரும்பப் போடாதீர்கள். விற்பவர் வேறு சொல்வார்.

பின்வாசல் ரப்பர் மேட்டை எடுத்தால் வினைலில் மஞ்சள் சதுரம். எதற்கும் போகவில்லை. – வாசகி, ஃபீனிக்ஸ்

போகாது. ரப்பரில் சேர்க்கும் ரசாயனம் வினைலுக்குள்ளேயே இறங்கி நிறம் மாறியது அது. ரப்பர் அடி இல்லாத, வினைலுக்கு ஆகும் என்று எழுதியிருக்கும் மேட் வாங்கி அதே இடத்தில் போட்டு மூடிவிடுங்கள்.

ஸ்டீம் மாப் நல்லதா? – பலர்

செராமிக்குக்கு ஆகும். வினைலுக்கு ஆகாது, அடியிலுள்ள பசை இளகி ஓரம் சுருளும்.

எழுபதுகளில் கட்டிய வீடு. சதுரம் சதுரமாகப் பழைய வினைல் டைல்ஸ், சில உடைந்திருக்கின்றன. சாண்டர் போட்டு தேய்த்துப் புதுப்பிக்கலாமா? – வாசகர், சாட்ஸ்வர்த்

வேண்டாம். அந்தக் காலத்து வினைல் சதுரங்களிலும் அடிப் பசையிலும் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. தென்னாப்பிரிக்காவில் அதற்குத் தடை வந்ததே 2008-இல்தான். உடையாமல் இருக்கும்வரை ஈரத்துணியால் துடைப்பதில் ஆபத்தில்லை. தேய்த்தாலோ சுரண்டினாலோ நார் தூசியாகக் கிளம்பி மூச்சில் போகும். உடைந்த துண்டுகளைப் பெருக்கவும் வேண்டாம், சாதாரண வாக்குவமும் வேண்டாம். ஈரமாக்கி, அந்த அறையை அடைத்துவைத்து, அஸ்பெஸ்டாஸ் அகற்றப் பதிவு பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் டைல்ஸை எடுக்காமல் மேலேயே புதுத் தரை போடுவதும் வழக்கம்தான்.