பார்படோஸில் இறங்கும் நாளன்றே படகுப் பயணம் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் ஜனவரியில் ஏழு இரவுகள் தங்குவதற்காகப் பார்படோஸ் செல்கிறோம். சென்னையிலிருந்து லண்டன் வழியாகப் போய்ப் பிற்பகல் மூன்று மணிக்கு இறங்குகிறோம். அன்று மாலையே சூரிய அஸ்தமனம் பார்க்கும் கட்டமரான் (இரட்டை உடல் பாய்மரப் படகு) பயணத்துக்கு முன்பதிவு செய்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு ஆமைகளைக் கடலில் பார்க்க வேண்டும். நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. முதல் நாளை எப்படி அமைத்துக்கொள்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கட்டமரான் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இருக்கட்டும். இறங்கும் நாளில் மணி குறித்த எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

கரீபியத் தீவான பார்படோஸ் கிட்டத்தட்ட சென்னையின் அட்சரேகையிலேயே, 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஐரோப்பியக் கோடையைப் போல அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்காது. ஜனவரியில் மாலை ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும், பிறகு அரை மணி நேரத்தில் நன்றாக இருட்டிவிடும். அஸ்தமனம் காட்டும் படகு அதற்கு வெகு முன்பே கிளம்பியாக வேண்டும். நீங்களோ மூன்று மணிக்கு விமானத்தை விட்டு இறங்கிக் குடிநுழைவு வரிசையில் நிற்பீர்கள். லண்டன் விமானங்கள் இரண்டு ஒன்றாக வந்துவிட்டால் வரிசை நீளும். அதன் பிறகு பெட்டி, டாக்ஸி, அறைச் சாவி. கணக்கு ஒத்துவராது.

அடுத்தது உடம்பின் கடிகாரம். பார்படோஸ் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே மாலை ஆறு என்றால் உங்கள் உடம்புக்கு விடியற்காலை மூன்றரை. தூக்கம் மிக ஆழமாக இருக்கும் அந்த நேரத்தில் ஆடும் படகில் ஏறி, கையில் ரம் பன்ச் வாங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பார்படோஸ் ரம் பன்ச்சின் பழைய அளவு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, சர்க்கரைப் பாகு இரண்டு, ரம் மூன்று, தண்ணீர் நான்கு. பத்தில் மூன்று பங்கு ரம், ஆனால் குடிக்கும்போது பழச்சாறு போலத்தான் இருக்கும்.

ஆனால் இதே நேர வேறுபாடு மறுநாள் காலை உங்களுக்குக் கைகொடுக்கும். மேற்கு நோக்கிப் பறந்தவர்களுக்கு விழிப்பு தானாக நள்ளிரவு தாண்டியதும் வந்துவிடும். எட்டரைக்குப் படுத்தால் மூன்று, நான்கு மணிக்குக் கண் திறக்கும். பலர் இதைத் தொல்லையாக நினைத்து, திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு புரண்டுகொண்டிருப்பார்கள். நீங்கள் எழுந்துவிடுங்கள். தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்குத் தெற்கே கார்லைல் விரிகுடாவில் பெபிள்ஸ் கடற்கரை இருக்கிறது. காரிசன் சவானா மைதானத்துப் பந்தயக் குதிரைகளை வெளிச்சம் வரும் வேளையில் அங்கே கொண்டுவந்து கடலில் குளிப்பாட்டுவார்கள். கழுத்தளவு நீரில் குதிரை நீந்துவதைப் பார்க்க டிக்கெட் எதுவும் கிடையாது. உள்ளூர்ப் பெரியவர்கள் வேலைக்கு முன் குளிக்க வருவதும் அந்த நேரத்தில்தான். தண்ணீர் பெரும்பாலும் குளம் போல அமைதியாக இருக்கும்.

உங்கள் ஆமைகளும் அதே விரிகுடாவில்தான். அங்கே மூழ்கிய கப்பல்கள் சில இருக்கின்றன. 1919-இல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைப் படகு ஆழம் குறைந்த இடத்தில் கிடப்பதால் மேலே மிதந்தபடியே பார்க்கலாம். கரையிலிருந்து சிறு படகுகள் காலையில் கிளம்பும். முதல் அல்லது இரண்டாவது படகில் போங்கள், பிற்பகலுக்குள் கூட்டம் வந்துவிடும். உயிர்காப்பு மேலாடை கேட்டு வாங்குங்கள். நீச்சல் தெரியாதவர்கள் அது இல்லாமல் இறங்கவே கூடாது. ஆமையைத் தொடவும் கூடாது. நீருக்குள் முகத்தைக் கவிழ்த்து மிதப்பவர்களுக்கு முதுகும் முழங்காலின் பின்புறமும் வெந்துபோகும், ஆகவே முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். சென்னை வெயிலையே பார்த்தவர்கள் நாங்கள் என்று எண்ண வேண்டாம். வெயில் அதேதான். ஆனால் இடைவிடாமல் வீசும் வாணிபக் காற்றில் சூடு உறைக்காது, தோல் சிவந்த பிறகுதான் தெரியும்.

அப்படியானால் இறங்கிய மாலை என்ன செய்வது? வெளிச்சத்தில் நடப்பது போதும். மாலை வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள உதவும். ஐந்து மணிக்கு அறையில் படுத்துவிட்டால் பத்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். எங்கே தங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், முதல் இரண்டு இரவுகளாவது தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் அல்லது ராக்லி பக்கம் எடுங்கள். விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மேற்குக் கரையின் ஹோல்டவுன் அதைவிடத் தொலைவு, மாலை நெரிசலில் இன்னும் இழுக்கும். ஹேஸ்டிங்ஸுக்கும் ராக்லிக்கும் இடையே கடலை ஒட்டி ஒரு நடைபாதை இருக்கிறது. அஸ்தமனத்தை அங்கிருந்தே காசில்லாமல் பார்த்துவிட்டு, ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். வெள்ளிக்கிழமை இறங்குகிறீர்கள் என்றால் ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போகச் சொல்லி எல்லோரும் தூண்டுவார்கள். அது களைகட்டும் நேரத்தில் உங்களுக்குக் கண் சொருகும். மீன் சாப்பிடாத உங்களுக்கு அதில் இழப்பும் பெரிதில்லை.

உணவில் கொஞ்சம் கவனம் தேவை. சோறும் பயறும் சேர்ந்த உணவைப் பார்த்ததும் சைவம் என்று தோன்றும். அதில் உப்பிட்ட பன்றி இறைச்சியைச் சேர்த்து வேகவைக்கும் வழக்கம் உண்டு. மக்ரோனி பையில் பாலாடைக்கட்டியோடு முட்டையும் சேர்ப்பார்கள். கேட்காமல் எதையும் தட்டில் வாங்காதீர்கள். நம்பிக்கையோடு தேடக்கூடியவை இரண்டு. ஒன்று, டிரினிடாட், கயானா இந்திய வம்சாவளியினர் வழியாகப் பரவிய ரொட்டி. உருளைக்கிழங்கும் கடலையும் மசாலாவோடு உள்ளே வைத்துச் சுருட்டியதாகக் கேளுங்கள். இன்னொன்று, ராஸ்தஃபாரியர் என்ற சமயக் குழுவினரின் ஐடல் உணவு. அதில் இறைச்சி கிடையாது, பல கடைகளில் பாலும் உப்பும்கூடச் சேர்ப்பதில்லை. ஈரப்பலா வறுவல் கிடைத்தால் விடாதீர்கள். மேசையில் இருக்கும் மஞ்சள் நிற மிளகாய்ச் சாற்றை மட்டும் துளியில் தொடங்குங்கள், நம் ஊர்க் காரம் அதன் முன் நிற்காது. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, பாட்டிலுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

பணத்தில் ஒரு குழப்பம் முதல் மணி நேரத்திலேயே வரும். இரண்டு பார்படோஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர், மாறாத விகிதம். இரண்டும் கடைகளில் செல்லும். நாற்பது டாலர் என்று யாராவது சொன்னால் எந்த டாலர் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கேட்காதவர் இரு மடங்கு கொடுப்பார். டாக்ஸியில் மீட்டர் கிடையாது. கட்டணத்தைப் பெட்டி ஏற்றும் முன்பே பேசி முடியுங்கள். யாரிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்பது அங்கே மரியாதை. அதை விட்டுவிட்டு நேராக விலை கேட்டால் முகம் இறுகிவிடும்.

முதல் நாள் காரை வாடகைக்கு எடுக்க வேண்டாம். இடப்பக்கம் ஓட்டும் நாடுதான், பழகியதுதான், ஆனாலும் தூக்கக் கலக்கத்தில் அந்தக் குறுகிய சாலைகள் வேண்டாம். கிழக்குக் கரையின் பாத்ஷீபாவைப் பார்க்கப் போகலாம், குளிக்க இறங்கக் கூடாது. அது அட்லாண்டிக் பெருங்கடல், நீரோட்டம் இழுத்துவிடும். மேற்குக் கரையிலும் ஜனவரியில் வடக்கிலிருந்து பேரலை வரும் நாட்கள் உண்டு, சிவப்புக் கொடியைப் பார்த்தால் கரையோடு நில்லுங்கள்.

கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தடியில் துண்டு விரிக்காதீர்கள். அது மான்சினீல். அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினாலும் இலை வழியே சொட்டும் நீர் அதையே செய்யும். சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற அதன் பழம் கடும் விஷம்.

பெட்டி கட்டும்போது கவனிக்க வேண்டியவை: ராணுவச் சீருடை போலத் திட்டுத் திட்டாக வண்ணம் இட்ட (கேமஃப்ளாஜ்) துணியாலான உடை, தொப்பி, பை எதுவும் வேண்டாம், அங்கே அது சட்டப்படி குற்றம். மின்சாரம் 115 வோல்ட், தட்டையான இரு முனைப் பிளக். செல்பேசி சார்ஜர் வேலை செய்யும், நம் ஊர் மின்கெட்டில் செய்யாது. நீச்சல் உடையையும் மருந்துகளையும் கைப்பையில் வையுங்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பார்படோஸ் விசா தேவையில்லை. லண்டனில் விமானம் மாறுவதற்குத்தான், வேறு சில நாடுகளின் விசா கையில் இல்லாவிட்டால், பிரிட்டனின் இடைவழி விசா வேண்டும். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி, இன்னொரு விமான நிலையமான காட்விக்கில் ஏறுவதாக டிக்கெட் இருந்தால் நகரத்துக்குள் நுழைந்தாக வேண்டும், அதற்கான விசா வேறு. டிக்கெட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். திரும்பும் வழியில் டிரினிடாடையும் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், இந்தியாவில் இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும் என்பதால் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.