புதுச்சேரிக்குத் தனியாகத் தேர்வாணையம் ஏன் இல்லை? ஆணையத்தை எப்படி அமைக்கிறார்கள்?

லாஸ்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசியல் சாசனம் நடத்துகிறேன். பாகூரிலிருந்து வரும் ஒரு பெண் இதையேதான் கேட்டாள். "அண்ணா, கடலூர்ல எங்க மாமா பொண்ணு குரூப் 4 எழுதுறா. நம்ம பாண்டி பி.எஸ்.சி. எப்ப வரும்?" நோட்டில் 'பி.பி.எஸ்.சி.' என்று தலைப்பே போட்டு, சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்து வைத்திருந்தாள். அப்படி ஒன்று இல்லையம்மா என்று சொல்ல மனசு வரவில்லை.

சாசனத்தின் 315வது பிரிவு, ஒன்றியத்துக்கு ஒரு ஆணையம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்று என்கிறது. நாம் யூனியன் பிரதேசம். அதனால் கெஜட்டட் எனும் உயர்நிலை அதிகாரிப் பதவிகளுக்கு ஒன்றியத்தின் ஆணையமான யூ.பி.எஸ்.சி.தான், புதுச்சேரி சிவில் சர்வீஸுக்கும் ஐ.ஏ.எஸ்.ஸுக்கு எழுதுகிற அதே தேர்வு. எல்.டி.சி., யூ.டி.சி. என்ற கிளார்க் வேலைகளுக்கு அரசின் பணியாளர், நிர்வாகச் சீர்திருத்தத் துறையே தேர்வு வைக்கிறது.

யார் நடத்தினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது. மாநில ஆணையத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் ஆளுநர் நியமிக்கிறார். ஏறக்குறைய பாதிப் பேர் குறைந்தது 10 வருடம் அரசுப் பணியில் இருந்தவர்களாக இருக்க வேண்டும். பதவி 6 வருடம், அல்லது 62 வயது வரை. உட்கார வைத்த பிறகு முதலமைச்சரே நினைத்தாலும் எழுப்ப முடியாது: ஒழுங்கீனம் என்றால் உச்ச நீதிமன்றம் விசாரித்துச் சொன்ன பிறகுதான் குடியரசுத் தலைவர் நீக்கலாம். சம்பளமும் செலவும் தொகுப்பு நிதி எனும் அரசின் பொதுக் கருவூலக் கணக்கிலிருந்து நேராகப் போகின்றன, சட்டமன்றத்தில் ஓட்டுக்கு வருவதில்லை. இப்போது தேர்வு வைக்கும் துறையின் செயலருக்கு இந்தக் காப்பு எதுவும் கிடையாது. ஒரே ஆர்டரில் மாற்றிவிடலாம். நமக்கும் ஆணையம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சென்னை மாகாணத்தில் 1929லேயே தலைவரோடு சேர்த்து மூன்று பேருடன் சர்வீஸ் கமிஷன் வந்துவிட்டது. கடலூர் அந்த மாகாணத்தில் இருந்தது, நாம் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தோம்.

இன்னொன்றும் உண்டு. 321வது பிரிவின்படி, சட்டமன்றம் சட்டம் போட்டால் உள்ளாட்சிப் பணிகளையும் ஆணையத்திடம் விடலாம். நாளைக்கு மாநில அந்தஸ்து கிடைத்தால் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து கிளார்க் வேலைக்குக்கூட ஆணையமே ஆள் எடுக்க வழியிருக்கிறது. 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்காத ஊரில் இதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அதுவரை தமிழ்நாட்டு ஆணையமான டி.என்.பி.எஸ்.சி.யின் தேர்வை எழுதலாமா என்றால், எழுதலாம். தமிழ்த் தகுதித் தாள் நமக்குச் சிரமமில்லை. ஆனால் வெளி மாநிலத்தவர் என்று பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள், இடஒதுக்கீடு கிடைக்காது. கட் ஆஃப் கணக்குப் போடும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.