கருப்பைக்கு நேரம் எப்படித் தெரிகிறது?

கேள்வி: ஒன்பது மாதம் சாதுவாக இருந்த கருப்பை, பிரசவத்தில் மட்டும் எப்படி அவ்வளவு பலமாகச் சுருங்குகிறது டாக்டர்?

பதில்: முழுச் சாது என்று சொல்லிவிட முடியாது. இடையிடையே வரும் பொய்வலியும் சுருக்கம்தான். ஆனால் தசைச் செல்கள் ஒன்றுசேர்ந்து இழுப்பதில்லை.

பிரசவம் நெருங்கும்போது தசையில் சில மரபணுக்களின் வேலை கூடுகிறது. எனக்குப் பிடித்தது கனெக்சின் 43. இந்தப் புரதம் பக்கத்துச் செல்களுக்கு இடையே நுண்துளை வழிகளை அமைக்கிறது. மின் சமிக்ஞை அவற்றின் வழியே பாய, கயிறு இழுக்கும் கூட்டம் போல எல்லாச் செல்களும் ஒரே மூச்சில் இழுக்கின்றன. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசினை உணரும் புரதங்களான ஏற்பிகளும் பெருகுகின்றன. ஆறாம் மாதத்தில் லேசாக மட்டுமே அசைக்கும் ஆக்ஸிடோசின் அளவு, கடைசியில் நன்றாகப் பிடிப்பது அதனால்தான்.

அப்புறம், கருப்பையை அமைதியாக வைத்திருக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன். பல விலங்குகளில் பிரசவத்துக்கு முன் இது ரத்தத்தில் குறையும். மனிதரில் நஞ்சுக்கொடி விழும்வரை குறைவதில்லை! அதன் ஏற்பிகளில் பி வகையை விட ஏ வகை ஓங்குவதால், ஹார்மோன் இருந்தும் தசை அதற்குக் கட்டுப்படுவதில்லை என்பதே இன்றைய விளக்கம்.

மனிதத் தசையில் நடக்கும் இந்த மாற்றங்கள் பெரும்பாலும் தெரிந்தது, சிசேரியனில் சம்மதத்தோடு கீறலின் ஓரத்தில் எடுத்த சிறு தசைத் துணுக்குகளால். வலி வந்தவர், வராதவர் தசைகளை ஒப்பிடுவார்கள். கீறுவது கருப்பையின் கீழ்ப்பகுதியில். பலமாக இழுப்பதோ மேல்பகுதி. அதனால் முடிவுகளைப் படிக்கும்போது, துணுக்கு எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.