ஆறு மாத ஊசி வந்தாச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?
நாலு வருடமாக எச்ஐவிக்கு ஏஆர்டி (கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) மாத்திரை சாப்பிடுகிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போதுமாமே, மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

நீங்கள் படித்தது லெனகாபவிர் என்ற அந்த ஆறு மாத ஊசி மருந்து பற்றி. 2024இல் வெளியான ஆய்வில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட எச்ஐவி வரவில்லை. பெரிய சேதிதான். ஆனால் அவர்கள் தொற்று இல்லாதவர்கள். அது தடுப்பூசி மாதிரி முன்கூட்டியே போட்டது. ஏற்கெனவே கிருமி இருப்பவருக்கு அதை மட்டும் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். வேறு மருந்துகளோடு சேர்த்துத்தான் தருவார்கள்.

தினமும் விழுங்குவது அலுப்புதான், சரி. அடுத்த முறை ஏஆர்டி மையத்துக்குப் போகும்போது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, எவ்வளவு என்று கேளுங்கள். கண்டறிய முடியாத அளவிலேயே தொடர்ந்து இருந்தால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது.