தமிழாசிரியர் ஆக நிறையப் புத்தகம் படித்திருக்க வேண்டுமா? உங்கள் முன்மாதிரி யார்? பாடத்துக்கு எப்படித் தயாராகிறீர்கள்?

கேட்டவர் பி.எட். முதலாண்டில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கூடப் படிப்பவர்கள் ஆளுக்கொரு எழுத்தாளர் பெயரைச் சொல்ல, நாம் அவ்வளவு படிக்கவில்லையே என்று பயந்து போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு. வீடு வியாசர்பாடி. காசிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் வேலைக்கே போகாதவள் உபதேசம் செய்ய வந்துவிட்டாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பி.ஏ. தமிழ் சேரும்வரை பாடப்புத்தகம் தவிர நான் முழுதாகப் படித்தது பத்துப் புத்தகம்கூட இருக்காது. வீட்டில் புத்தகம் கிடையாது, பேப்பர் உண்டு. தாத்தா பின்னி மில்லில் நெசவில் இருந்தவர். 1996-ல் மில்லை மூடினார்கள். அதற்கப்புறம் அவருக்குக் காலையில் டீயும் தினத்தந்தியும்தான். கண்ணில் புரை விழுந்ததும் பேப்பர் படித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. அப்போது நான் நாலாவது. அவசரமாகப் படித்து ஓடப் பார்த்தால் விடமாட்டார். "மூச்சு எங்க வுடணுமோ அங்க வுடு, இல்லன்னா யாரு யார அடிச்சான்னே தெரியல" என்பார். திரும்ப அந்த வரியை முதலிலிருந்து படிக்க வேண்டும். தினம் அரை மணி நேரம், ஏழு வருஷம். ஒரு வாக்கியத்தில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று எந்த வாத்தியாரும் சொல்வதற்கு முன்பே எனக்குக் காதில் ஏறிவிட்டது. அதனால் எத்தனை புத்தகம் என்று எண்ணாதீர்கள். ஒருவருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். புத்தகமே வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி வந்த பிறகு விட்டதையெல்லாம் பிடிக்க ராத்திரி ராத்திரியாகப் படித்தவள்தான் நான்.

முன்மாதிரி யார் என்று எங்கள் வகுப்பிலும் கேட்டார்கள். பாதிப் பேர் உ.வே.சா. என்றார்கள். ஏடு தேடி ஊர் ஊராகப் போனவர், தமிழ் படிக்கிற யாரும் அவரை வணங்காமல் இருக்க முடியாது. நான் திரு.வி.க. என்றேன். தாத்தா அவரை "வாத்தியார் வேலய வுட்டுட்டு மில்லுக்காரங்களுக்காக வந்தவரு" என்றுதான் சொல்வார். தாத்தா அவரைப் பார்த்ததில்லை, தாத்தாவின் அப்பா சொன்னது. திரு.வி.க. வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். 1917-ல் அந்த வேலையை விட்டுவிட்டு 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1918 ஏப்ரலில் பின்னி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். அரசியல் கூட்டம் என்றால் ஆங்கிலத்தில் பேசுவதுதான் பெருமை என்றிருந்த காலம் அது. பன்னிரண்டு மணி நேரம் தறியோடு நின்றுவிட்டு வருகிறவர்கள் முன்னால் அவர் நல்ல தமிழில் பேசினார். இவர்களுக்கு இவ்வளவு போதும் என்று தன் தமிழை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களையும் குறைத்து எண்ணவில்லை. எனக்கு அந்த இரண்டும் சேர்ந்து வேண்டும். அதை நான் கைவிட்ட ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எட்டாம் வகுப்பு, வேற்றுமை. அன்றைக்குக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கையில் மதிப்பெண் தாள். பாடக்குறிப்பு எப்படி எழுதச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் ஆசிரியர் செயல், இன்னொரு பக்கம் மாணவர் செயல். பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்பதையும் முதல் நாள் ராத்திரியே நாம் எழுதிவைத்துவிட வேண்டும். ஏழாம் வேற்றுமைக்கு நான் மாணவர் பக்கத்தில் எழுதியிருந்தது 'மரத்தின்கண் பறவை இருந்தது'. இடத்தைக் காட்டும் வாக்கியம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "எங்க வூடு கடலாண்ட கீது மிஸ்."

வகுப்பே சிரித்தது. நான் பேராசிரியரைப் பார்த்தேன், அவர் ஏதோ குறித்தார். "சரி, வேற யாராவது?" என்றேன். முன் பெஞ்சுப் பையன் 'வீட்டில் பூனை உள்ளது' என்றான். "வெரி குட்" என்று அதைக் கரும்பலகையில் எழுதினேன். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் கை தூக்கவே இல்லை.

எனக்கு நல்ல மதிப்பெண்தான் வந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் சொன்னதில் என்ன தப்பு என்று பார்ப்பதற்காகப் பழைய இலக்கண நூலான நன்னூலை எடுத்தேன். ஏழாம் வேற்றுமைக்கு அதில் இருபத்தெட்டு உருபு சொல்லியிருக்கிறது. கண், கால், கடை, இடை என்று போகிற பட்டியல். அதில் சார், புடை, உழை எல்லாம் பக்கத்தைக் காட்டுவது. இன்றைக்கு உழை என்றால் 'வேலை செய்' என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த இடத்தில் எங்கள் பேட்டைகளில் உட்கார்ந்திருப்பது 'ஆண்ட'. அண்டை வீடு, அண்டை மாநிலம் என்று எழுதுகிறோமே, அதே அண்டைதான். கடல் அண்டை, கடலாண்ட. எட்டாம் வகுப்புப் பெண், சொல்லிக்கொடுக்காமலேயே, இடப்பொருளுக்குச் சரியான உதாரணம் கொடுத்திருக்கிறாள். நான் அதைக் கேட்கவே இல்லை.

இங்கே கொஞ்சம் வேறு விஷயம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒரு தனியார் பள்ளியில் விடுமுறை வகுப்பு எடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். போனேன். விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "வியாசர்பாடியா? பேச்சுல அந்த மாதிரி எதுவும் வராதே?" என்றார். 'அந்த மாதிரி'. நான் பி.ஏ.வில் முதல் வகுப்பு. நாஷ்டா, குந்து, அப்பால என்று பேசினால் ரவுடி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்பால என்பது அப்பால்தானே அம்மா என்று கேட்டிருக்க வேண்டும். "வராதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலையும் கொடுக்கவில்லை. இதையெல்லாம் கடந்து ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேறினாலும், நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்று 2018-லேயே அரசாணை போட்டாகிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு அக்கா தேர்ச்சிச் சான்றிதழை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். சரி, அதை விடுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை முதல் வேலையாகக் கரும்பலகையில் பெரிதாகக் 'கடலாண்ட' என்று எழுதினேன். மறுபடி சிரிப்பு. பக்கத்தில் 'கடல் + அண்டை' என்று பிரித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. இதை யார் சொன்னது என்று கேட்டேன், எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். "போன வாரம் நீ சொன்னது சரி, நான்தான் கவனிக்கல" என்றேன். அப்புறம் கோயிலாண்ட, ஐஸ் ஃபேக்டரியாண்ட, ஆயா கடையாண்ட என்று ஒரே சத்தம். எல்லாவற்றையும் எழுதினோம். எதிரில் எழுத்துத் தமிழில் 'கோயிலின் அருகில்', 'ஆயா கடைக்குப் பக்கத்தில்' என்று அவர்களையே மாற்றச் சொன்னேன். இதுவரை வாய் திறக்காத இரண்டு பையன்களும் வந்து எழுதினார்கள்.

மணி அடிக்கும் நேரத்தில் அவள் எழுந்து, "அப்ப பரிச்சைல கடலாண்டன்னு எழுதலாமா மிஸ்?" என்றாள். எழுதக்கூடாது, மார்க் போட மாட்டார்கள் என்று உண்மையைச் சொன்னேன். "அப்ப எதுக்கு மிஸ்?" என்றாள். உன் வீட்டுச் சொல் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால் யார் சிரித்தாலும் நீ உட்கார வேண்டியதில்லை என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் மறுநாள் கை தூக்கினாள்.

பிள்ளைகளைக் கொச்சையாக எழுதச் சொல்கிறாள் என்று இதற்குக் கீழே யாராவது வந்து எழுதுவீர்கள் என்று தெரியும். இல்லை. பிழை இருந்தால் திருத்தத்தான் செய்கிறேன், சந்தி விட்டால் விடுவதில்லை. அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போகிறேன், அவ்வளவுதான்.

தயாரிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். கல்லூரிக்குக் கொடுக்கும் பாடக்குறிப்பை அவர்கள் கேட்கிற மாதிரியே முழுதாக எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். இன்னொன்றில் மாணவர் செயல் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய், வகுப்பு முடிந்ததும் அவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்று பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்பத்தைந்து நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் நான் வாய்விட்டுப் படிப்பேன், கடைசிப் பத்து நிமிடத்துக்கு எதுவும் திட்டம் போடுவதில்லை.

நாளைக்குத் தொகைநிலைத் தொடர். புத்தகத்தில் இருக்கிற உதாரணத்துக்கு முன்னால் 'மீன்கூடை' என்று எழுதப் போகிறேன். மீனை வைத்த கூடை. 'ஐ' என்ற உருபும் 'வைத்த' என்ற பயனும் மறைந்து நிற்கின்றன. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.