வெள்ளரிக்காய் படிச்சா வேலை கிடைக்குமா?

வணக்கம் சார். பொண்ணுக்கு நீட் மதிப்பெண் போதாது என்பதை நீங்களே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். இப்போது உங்கள் கவலையெல்லாம், சொந்தக்காரர் ஒருவரின் பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடில்) விதையில்லா வெள்ளரியைப் பார்த்துவிட்டு வந்து, இந்த மாதிரி ரகம் உருவாக்குகிற படிப்புதான் வேண்டும் என்று அவள் அடம்பிடிப்பதுதான். வேலை கிடைக்கும் சார். ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது, அதனால் வேலை எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், கல்லூரியெல்லாம் அப்புறம்.

சாதாரண வெள்ளரியில் பெண்பூவுக்கு மகரந்தம் வந்து சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி வெம்பிவிடும். சில வகைகளில் மட்டும் மகரந்தம் இல்லாமலேயே பிஞ்சு பெருத்துக் காயாகும், உள்ளே விதை பிடிக்காது. இதற்குப் பார்த்தீனோகார்ப்பி என்று பெயர், அந்தப் பெயரை 1902இல் ஃபிரிட்ஸ் நோல் என்ற ஜெர்மன்காரர் வைத்ததே வெள்ளரியைப் பார்த்துத்தான். தேனீ நுழையாத வலைக்குள் பயிர் செய்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

சரி, இது எத்தனை மரபணு செய்கிற வேலை? 1969இல் அமெரிக்காவில் பைக், பீட்டர்சன் இருவரும் ஒரே மரபணுதான் என்றார்கள். 1976இல் நெதர்லாந்தில் டி பொன்டியும் காரெட்சனும் மூன்று என்றார்கள். 2016இல் குரோமோசோம் வரைபடம் போட்டுப் பார்த்தவர்களுக்கோ பல இடங்கள் தெரிந்தன, அதுவும் ஒரு குழுவுக்கு இரண்டாவது குரோமோசோமில் வலுவாக, இன்னொரு குழுவுக்கு ஐந்திலும் ஏழிலும். பிளஸ் டூவில் மெண்டல் பட்டாணிக்குப் போட்ட 3:1 கணக்கு இங்கே அவ்வளவு சுலபமாக வராது. ஒரே செடி குளிர் காலத்தில் நன்றாகக் காய்க்கும், வெயில் ஏறினால் ஏமாற்றிவிடும், அடிக்கணுவில் பிடிக்காதது மேல்கணுவில் பிடிக்கும்.

அதனால் ஆராய்ச்சியாளரின் அன்றாடம் இப்படித்தான் இருக்கும்: நாளைக்கு விரியப்போகிற பெண்பூவை மகரந்தம் புகாதபடி இன்றைக்கே கிளிப் போட்டு மூடி, அட்டையில் தேதி எழுதிக் கட்டி, ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் போய் எது பெருத்தது, எது சுருங்கியது என்று எண்ணுவது, இதை நூற்றுக்கணக்கான செடிகளில், புழுக்கத்தில், ஒவ்வொரு தலைமுறையிலும் செய்வது. ஆய்வகத்தில் டிஎன்ஏ பார்ப்பதும் உண்டுதான், ஆனால் எண்ணிக்கை தப்பாக இருந்தால் டிஎன்ஏ வைத்து என்ன செய்ய?

அவளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். விதையே இல்லாத காய் என்றால், அடுத்த போகத்துக்கு விதை எங்கிருந்து வருகிறது? செடி மலடு இல்லை, மகரந்தம் கொடுத்தால் விதை பிடிக்கும். சிக்கல் என்னவென்றால் இந்த ரகங்களில் பெரும்பாலானவற்றில் எல்லாமே பெண்பூ. பெண்பூவை வரவைப்பது எத்திலீன் என்ற ஹார்மோன், அதன் வேலையைத் தடுக்க சில்வர் தையோசல்ஃபேட் தெளிப்பார்கள், ஆண்பூ வரும், அதை எடுத்துக் கையால் மகரந்தம் சேர்ப்பார்கள். விதையில்லாத் தர்பூசணி வேறு கதை, அங்கே குரோமோசோம் தொகுதியே மூன்று, அதனால்தான் விதை உருவாகாது, ஆனால் காய் பெருக்க மகரந்தம் வேண்டும். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை சார், தேடிப் படித்துவிட்டு ராத்திரி சாப்பாட்டில் உங்களுக்கு விளக்க வந்தால் இது அவளுக்கான படிப்பு. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால், பாலிஹவுஸ் அழகில் மயங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

படிப்பு என்றால் நான்கு வருட பிஎஸ்சி ஆனர்ஸ், வேளாண்மை அல்லது தோட்டக்கலை, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வில். அதற்கு மேல் எம்எஸ்சியில் பயிர் மரபியல் அல்லது காய்கறி அறிவியல், பிறகு பிஎச்டி. மொத்தம் ஒன்பது பத்து வருடம் ஆகும், மறைக்க விரும்பவில்லை. நடுவில் சலித்துப்போனாலும் பிஎஸ்சியோடு டிஎன்பிஎஸ்சி, வங்கி வேளாண் அலுவலர் தேர்வெல்லாம் இருக்கிறது. முழுதாகப் போனால் விதை கம்பெனிகள், அவற்றில் பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் நிறைய. மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களில் விஞ்ஞானிக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் உத்தராகண்டின் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகமும் விதையில்லா வெள்ளரி ரகங்கள் வெளியிட்டிருக்கின்றன.

ஒரே எச்சரிக்கை: தனியார் கல்லூரி என்றால் ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள், இல்லாவிட்டால் மேல்படிப்பில் இடிக்கும். புள்ளியியல் பாடத்தை அவள் வெறுக்கக்கூடாது, அதையும் சொல்லிவையுங்கள். காய்கறிதான் என்று உறுதியாக இருந்தால் தோட்டக்கலையை முதலில் போடுங்கள். கோவையில் இடம் கிடைக்காவிட்டால் பெரியகுளம் போடலாம், திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் பெண்களுக்கென்றே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. கோவை கிடைக்கவில்லை என்று இன்ஜினியரிங் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள்.