இலவச உதவியின் நடுவே கட்டணப் பேச்சு

கேள்வி: டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் முதியோரின் கணினிக் கோளாறுகளை இலவசமாகத் தீர்த்துவைக்கிறோம். அதுவே என் தொழில் என்பதால், பெரிய வேலைகளுக்குக் கட்டணம் கேட்கலாமா?

பதில்: கட்டணம் வாங்குவது தவறன்று; உதவி கேட்டு வந்தவரிடம் அந்த மேசையிலேயே விலை பேசுவதுதான் தவறு. இணையதளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் தன்னார்வ உதவிப் பகுதியில், பதில் சொல்பவர் தம் கட்டணச் சேவையை முன்வைப்பதற்கும், பயனரின் கடவுச்சொல்லைக் கேட்பதற்கும் விதிப்படி தடை உண்டு. கூலிக்கு ஆள் தேடுவோருக்கெனத் தனித் தளமே வைத்திருக்கிறார்கள். பழுதான வன்தட்டிலிருந்து பேரனின் திருமணப் படங்களை மீட்பது போன்ற வேலை வந்தால், "இது இங்கே முடியாது, அம்மா" என்று சொல்லி, இரண்டு மூன்று கடைகளின் பெயரை எழுதிக் கொடுங்கள். அவற்றுள் ஒன்று உங்களுடையதானால் அதையும் மறைக்காதீர்கள். பாதி வேலையை இலவசமாகச் செய்துவிட்டு, மீதிக்குத் தென்னாப்பிரிக்க ரேண்டில் கணக்குச் சொல்வது (என் கண்ணெதிரே நடந்ததுண்டு) வேண்டவே வேண்டாம்.